ஆனைக்காச் சிலம்பியும் சருகிடைச் சிற்றுயிரும்

திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தினடியில் எழுந்தருளிய சிவலிங்கப் பெருமான் திருமுடிமேல் மரத்துச் சருகுகள் உதிர்ந்து வீழாதவாறு ஒரு சிலம்பி நூலால் மேற்கட்டி இழைத்த வரலாறு சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்தது. அவ்விடத்திலேயே ஓர் யானையும் நாடோறும் போந்து துதிக்கையால் நீர் முகந்து ஆட்டி, மலர் தூவி வழிபட்டு வந்தது. மேற்கட்டியை யானை துடைத்தது. சிலம்பி மீண்டும் இழைத்தது. மீண்டும் யானை துடைத்தது. வெகுண்ட சிலம்பி துதிக்கையினுட் புகுந்து கடிக்க, யானை கையை நிலத்தில் மோதி வீழ்ந்து இறந்தது. சிலம்பியும் உடன் இறந்தது. யானைக்கு ஏற்ற வரத்தை நல்கிய பெருமான், சிலம்பியைச் சோழர் குலத்தில் கோச்செங்கட் சோழராகப் பிறப்பித்தருளினார் எனச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளிச் செய்தார். அச்சோழர் யானை ஏறவொண்ணாத மாடக்கோயில்களை எடுத்தார் என்பதும் மரபு.

இவ்வரலாற்றில் சிலம்பியின் அன்பை வியந்து பேசுவார் பலர். யானையின் செயலை நின்று ஆராய்வார் சிலரே. யானை தீங்கு கருதிற்றில்லை. பெருமான் திருமுடிக்கு மேல் நூலாம்படை தொங்கக் கண்டு, இது தூய்மைக்கு ஏலாதென்று நீக்கியது. நீக்கப்பட்டது பிறிதோர் அடியாரின் பூசை என்பதை அஃது அறியவில்லை. அறியுமளவிற்கு அச்சிற்றுயிர் அதன் கண்ணுக்குப் பொருளாகத் தோன்றவுமில்லை. பெரியது சிறியதைக் காணாமை என்னும் இவ்வொன்றினாலே இரண்டு பூசைகள் சிதைந்தன; இரண்டு உயிர்கள் உடம்பை விட்டன. அங்ஙனங் காணாமை குற்றமாமோ, ஆகாதோ என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

பழங்கதையளவில் நில்லாது இவ்வினா நாடோறும் எழுவதொன்றாம். தருமபுரியினின்று சேலஞ் செல்லும் பெருவழியில், அதியமான்கோட்டையை அடுத்து நல்லம்பள்ளி என்னும் ஊருளது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் நாட்டைச் சேர்ந்த நிலம் அது. சேலத்தினின்று பிரிந்து 1965-இல் தனி மாவட்டமான தருமபுரியைச் சார்ந்தது. தெற்கே தொப்பூர்க் கணவாய்வரை குன்றும் வறண்ட காடுமாய்க் கிடக்கும் அப்பக்கத்தில் புளியும் மாவும் வேம்பும் புங்கும் மிகுதி. பனி நீங்கி வெயில் ஏறும் மாசி பங்குனித் திங்கள்களில் மரங்கள் இலை உதிர்க்கும். உதிர்ந்தவற்றை வாசலிலும் தோப்பிலும் கோயிற் பிராகாரத்திலும் கூட்டிக் குவித்து, மாலையில் தீயிட்டுவிடுதல் எவ்வூரிலும் காணப்படும் வழக்கமே. சருகு குப்பை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

அங்ஙனந் தீயிடுமுன் ஒருவன் மாஞ்சருகின் அடியடுக்கிலே ஈரம் எஞ்சிய ஒருபிடியை எடுத்துக் கண்பெரிய சல்லடையிலிட்டு, வெள்ளைத் துணியின்மேல் மெல்லத் தட்டிப் பார்ப்பானாயின், முதற்கண் புழுதியன்றி யாதும் காணான். அசைவு பட்டவுடன் அச்சிற்றுயிர்கள் கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடக்குமாதலின், பார்ப்பவன் சிறிதுபோது வாளா இருத்தல் வேண்டும். பின்னர்ப் புழுதியே நடக்கத் தொடங்கும். மெருகிட்ட விதை போன்று உருண்டு பழுப்பேறிய உண்ணியினத்துச் சிற்றுயிர்கள் மெல்ல ஊரும். கடுகினுஞ் சிறிய சிலம்பிகள் ஓடும். இவையெல்லாம் எட்டுக்கால் உடைய ஒருபெருங் குடும்பத்தின, தேளும் இக்குடும்பத்ததே. பூச்சிகள் ஆறு காலின ஆதலின் வேறாம். உருண்ட உண்ணியினம் மக்கும் இலையையும் அதன்மேற் படரும் பூசணத்தையும் தின்று நுணுக்கி, மரம் மீண்டும் உண்ணும் மண்ணாதற்குத் துணைசெய்வது. வளவிய காட்டுத் தரையில் ஒரு சதுர மீட்டரளவிற்குள் இவை பல்லாயிரம் வாழும்.

அவற்றினிடையே தேளை ஒத்த இரண்டு கொடுக்குக் கைகளை முன்னே நீட்டி, தொட்டால் பின்னோக்கி விரைவாக ஓடும் ஒன்று தென்படலாம். அதற்கு வாலுமில்லை, வாலில் நஞ்சுமில்லை. பெரும்பாலும் ஐந்து மில்லிமீட்டருக்குட்பட்ட நீளத்தது. இதனைப் போலித்தேள் என்னலாம். உலகில் 3,500-க்கு மேற்பட்ட வகைகள் இதற்குளவாக நூலோர் கணித்துள்ளனர். நடந்து நெடுந்தூரஞ் செல்லவியலாமையால் ஈ முதலியவற்றின் காலைக் கொடுக்காற் பற்றிக்கொண்டு அவை பறக்குமிடத்துக்குத் தானும் பயணம் போகும். தாய் முட்டைகளைத் தன் வயிற்றின் அடியில் ஒரு பையிற் கட்டிச் சுமந்து, உள்ளிருக்கும் குஞ்சுகளுக்குத் தன் உடம்பிலூறும் நீரை ஊட்டி வளர்க்கும். சட்டை உரிக்குங்காலும் சூல்காக்குங்காலும் நூலால் சிறு கூடு சமைத்து அதனுள் அடைந்துகொள்ளும். அந்நூல் வாயுறுப்பினின்றும் வருவது. சிலம்பியின் நூலையும் உலகோர் வாய்நூல் என்பர். அஃது உண்மையில் வயிற்றின் பின்புறத்தினின்றும் வருவது. வாய்நூல் என்னும் பெயருக்கு முற்றும் உரியது இப்போலித்தேளே.

கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில், நூல்களினுள் வாலில்லாத் தேள் போன்ற மிகச்சிறிய உயிர் காணப்படுதலைக் குறித்திருக்கின்றார். ஆங்கிலநாட்டு இராபர்ட்டு ஊக்கு என்பவர், உருப்பெருக்காடி வழியே கண்டவற்றைப் படங்களாக்கி 1665-இல் வெளியிட்ட நூலில், ஒரு செப்டம்பர்த் திங்களில் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தின்மேல் ஊர்ந்து சென்ற நண்டு போன்றதோர் சிற்றுயிரை வரைந்து காட்டினார். பழந்தாள்களில் மொய்க்கும் நூற்பேனை இஃது இரையாகக் கொள்ளும். ஏடும் நூலும் வைத்த பேழையைத் திறக்கும் தமிழ்ப் புலவர் ஒருவர் இதனைக் கண்டாற் செய்வதென்ன? தேட்குஞ்சென்று நசுக்குவார். நூலை அரிப்பதை அழிப்பதற்கு இருந்த காவலாளை, நூலைக் காக்குங் கருத்தோடே கொன்றொழிப்பர். ஆனைக்காவில் யானை செய்ததும் இதனின் வேறன்று.

தமிழர் சிற்றுயிரை நோக்காதவரல்லர். முதன்மழை பெய்த ஈரமணலிலே சிவந்த பட்டுத்துணுக்குப் போல் ஊரும் தம்பலப்பூச்சியை மூதாய் என்றும் ஈயன்மூதாய் என்றும் சங்கப் புலவர் பாடினர். வடநூலார் இந்திரகோபம் என்பர். அதுவும் எட்டுக்காலினதே, உண்ணியினத்தைச் சார்ந்தது. தருமபுரிப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளிலும் மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள் அது தோன்றும். வடநாட்டில் இதனை மருந்தென்று பிடித்து விற்றலும் உண்டு. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவுவகையால் ஆறாகப் பகுக்குமிடத்துச் சிதலையும் எறும்பையும் மூவறிவின என்றும், நண்டையும் தும்பியையும் நாலறிவின என்றும் கூறினார். சிலம்பியைப் பெயர்சுட்டி உரைத்திலர். ஆயினும் ஒவ்வொரு வகைக்கும் அவ்வினத்துப் பிறவும் உள என இடம்விட்டே சென்றார். அவ்விடம் மிகப் பெரிதென்பது இக்காலத்திற் காணப்படுகின்றது. சிலம்பியில் மட்டுமே பெயரிடப்பட்ட வகைகள் 2022-இல் 50,000-ஐ எட்டின. எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதம் என்னும் முன்னோர் உரையை மிகையென்று நகைத்தோர், சருகுக் குவியல் ஒன்றின்முன் அமர்ந்து எண்ணிப் பார்ப்பது நலம்.

வேர்வையிற் பிறப்பன என்று நூல்கள் கூறுவனவும் முட்டையினின்றே தோன்றுதலை ஆடிவழிக் கண்டார் உளரே, நூற்கூற்று என்னாம் எனின்: புழுக்கமும் ஈரமும் உள்வழித் தோன்றுதலை நோக்கித் தோன்றுமிடம்பற்றி வகுத்த வகை அதுவெனக் கொள்ளின் இழுக்கில்லை. கண்டதை மறுத்து நூலைக் காக்கப் புகுவோர் நூலுக்கே இழிவு தேடுவர்.

இனி, சிறியவற்றின் உயிர் சிறிதோ எனின், சைவசித்தாந்திகளுக்கு அங்ஙனங் கூறுதல் இயையாது. உடம்பின் அளவினதே உயிர் என்பது சமணர் கொள்கை. அணுவளவினது என்பாரும் உளர். இவ்விரண்டையும் மறுத்து, உயிர் இயல்பால் வியாபகமுடையது. செம்பிற் களிம்புபோல் அநாதியே பற்றிய ஆணவத்தால் அதன் அறிவு மறைப்புண்டு, வினைக்கீடாக வந்த உடம்பினளவாய்ச் சுருங்கி அறிகின்றது என்பது சித்தாந்தத் துணிபு. எனவே யானையுள் நின்ற உயிரும் சிலம்பியுள் நின்ற உயிரும் தம்முள் ஒத்தனவே. வேறுபட்டவை தனு கரண புவன போகங்கள். சிலம்பி சோழனாதல் எங்ஙனம் இயலும் என வியப்பார்க்கு விடையும் இதுவே. போலித்தேள் ஒன்றைக் காலால் தேய்ப்பவன் சிறிதோர் உயிரைத் தேய்த்தவனாகான். சிறிதோர் உடம்பில் நின்ற, தன்னையொத்த உயிரின் போகத்தை இடையில் அறுத்தவனாவான்.

இக்கருத்தை மனத்திற் கொண்டு, சருகை அணுகுவார் மூவரை ஒப்பிடலாம். தீயிடுவோன் ஒருவன், புட்டியில் அடைப்போன் ஒருவன், நிழற்படம் எடுப்போன் ஒருவன்.

புட்டியில் அடைப்போனை முதலிற் பழித்தல் எளிது. இத்தாலிய நாட்டுப் பெர்லேசே என்பவர் 1905-இல் ஒரு கருவி கண்டார். புனல்போன்ற கலத்தின்மேற் சருகைப் பரப்பி மேலிருந்து வெப்பூட்டினால், ஈரத்தை விரும்பும் சிற்றுயிர்கள் வெம்மைக்கும் உலர்ச்சிக்கும் அஞ்சிக் கீழ்நோக்கிச் சென்று, அடியில் வைத்த சாராயப் புட்டியில் வீழ்ந்து மடியும். சுவீடன் நாட்டுத் துல்கிரென் என்பவர் பின்னர் இதற்கு மின்விளக்கைப் பொருத்தினார். ஒளியைக் கண்டு ஒளியினின்று ஓடி இருளில் வீழ்ந்து மடிதல் இரங்கத்தக்கதே. ஆயினும் இவ்வழி வந்த அறிவை அறவே தள்ளுதல் நேர்மையன்று. மூர்த்தி என்பாரும், சென்னை இலயோலாக் கல்லூரியில் பூச்சியியல் வளர்த்த டி. என். அனந்தகிருஷ்ணன் என்பாரும் 1977-இல் வெளியிட்ட இந்தியப் போலித்தேள்களைப் பற்றிய நூல், புட்டியிலிட்ட உடம்புகளை ஆடியின்கீழ் வைத்து உறுப்புறுப்பாக ஆராய்ந்து எழுதப்பட்டது. ஒருவகையை மற்றொன்றினின்று பிரித்தறியும் அடையாளம் பலவற்றில் படத்தில் தோன்றாத நுண்ணுறுப்பில் உளது. இன்று படமெடுப்போன் தான் கண்டது இன்னதெனப் பெயர் கூறுவது அவ்வாறு மடிந்தவற்றின் புறத்தே நின்றே. கொன்றவனைப் பழித்துக்கொண்டே கொலையின் பயனை நுகர்தல் புலாலுண்போன் கசாப்புக்காரனை இகழ்வதோடு ஒக்கும். வேண்டியதன்மேல் ஒன்றும் எடாமை, எடுத்ததை வீணாக்காமை என்னும் வரம்பு அவ்வாராய்ச்சிக்குண்டு. வரம்பு கடந்து பெருமைக்காகச் சேர்த்துவைத்தல் பழிக்குரியதே.

சென்னை அரசினர் பொருட்காட்சிச் சாலைக்கு 1920 முதல் 1940 வரை தலைவராயிருந்த கிரேவ்லி துரை இவ்விடத்து நினைத்தற்குரியார். சிலம்பிகளையும், சாட்டை போன்ற வாலுடைய தேளினத்தையும் ஆராய்ந்த அவர், அவற்றின் உடம்பை அளத்தலோடமையாது அவை உயிரோடிருந்து நடந்துகொள்ளும் வகையையும் நோக்கி 1915-இல் எழுதினார். அவரே டி. என். இராமச்சந்திரனோடு கூடி அச்சாலையிலுள்ள தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளின் விவர நூலை 1932-இல் வெளியிட்டார். கூத்தப்பெருமான் திருமேனியின் தூக்கிய திருவடியையும், கல்லடியிற் கிடந்த எட்டுக்காலுயிரின் அடியையும் ஒரே கண் ஒரே கருத்தோடு நோக்கியதென்பது சைவர்க்கு எண்ணி மகிழத்தக்கது.

நிழற்படம் எடுப்போன் தான் ஒன்றையும் கொல்லவில்லை என்று இன்புறுவான். அவன் கூற்று முழுதும் மெய்யோ எனின், ஆராய்தற்குரியது. இரண்டு மில்லிமீட்டர் உடம்பை ஐந்து மடங்கு பெருக்கிப் படமெடுக்குங்கால் மயிரிழையளவு ஆழமே தெளிவாக விழும். முன்னங்கை தெளிந்தால் முதுகு மங்கும். அதனால் பற்பல படங்களை ஆழம் மாற்றியெடுத்து ஒன்றாகச் சேர்ப்பர். அதுவரை அவ்வுயிர் அசையாதிருத்தல் வேண்டும். அசையாதிருக்கும்பொருட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து விறைக்கச் செய்வாரும் உளர். உயிர் போகாவிடினும் இது வதையே. மேலும் ஓர் இலையைப் புரட்டுங்கால் நூற்கூடு கிழியும்; சூல் சுமந்த தாய் வெளிப்படும்; ஈரம் உலரும். படம் நன்றாக வரவேண்டுமென்னும் அவாவும் பற்றே. அப்பற்று மிக்கவழி உயிர் படத்திற்குக் கருவியாகிவிடும். பார்த்தபின் அவ்விலையை இருந்தவாறே கவிழ்த்து வைத்துச் செல்லாதவன், படம் எடுத்தானேனும் உயிரைக் கண்டானல்லன்.

கண் தனக்கு ஒளியுடையதாயினும் ஞாயிற்றின் ஒளி பொருளைக் காட்டினாலன்றிக் காணாது. காட்டியவழியும் உயிர் உடனின்று கண்டாலன்றிக் கண் தானே காணாது. இதுபோல உயிர்க்கு இறைவன் காட்டுதலும் உடனின்று காணுதலும் ஆகிய இரண்டு உபகாரங்களையும் செய்வன் என்பர் சித்தாந்த ஆசிரியர். ஆடியும் விளக்கும் கருவியும் செய்யக்கூடுவது காட்டுதலொன்றே. புழுதி என்று கிடந்ததை உயிரென்று காட்டுமளவில் அவற்றின் தொழில் முடிந்தது. உடனின்று காணும் இரக்கம் கருவியில் இல்லை. ஆயினும் காட்டுதல் சிறிதென்று கொள்ளற்க. ஆனைக்கா யானைக்கு அன்பிற் குறைவில்லை. சிலம்பியையும் அதன் தொண்டையும் காட்டுவதொன்றே அதற்கு இல்லாதிருந்தது.

இதனால் முதல்வினாவுக்கு விடை பிறக்கும். காட்டுவார் இல்லாதவழிக் காணாமை குற்றமாகாது. யானை வரம் பெற்றமையே அதற்குச் சான்று. காட்டுவது உளதாகவும் காண ஒருப்படாமை குற்றமாம். சருகில் வாழ்வன யாவை என்பதைக் கையடக்கத் தொலைபேசியில் ஒரு சிறு ஆடியைப் பொருத்திய பள்ளிச் சிறுவனும் இக்காலத்திற் காட்டவல்லன். அதன்பின்னும் குப்பையென்று தீயிடுவோனுக்குப் பழைய அறியாமை புகலாகாது. எனவே மூவருள் மிக்க கொலையுடையோன் புட்டிக்காரனுமல்லன், படக்காரனுமல்லன். நாள்தோறும் ஒருவரும் பழியாதவாறு பல்லாயிரத்தை எரிக்கும் முதலாமவனே. அவன் பெரும்பாலும் நற்செயல் செய்வதாகவே எண்ணியிருத்தல் இன்னும் வருந்தத்தக்கது.

ஈண்டு அன்பர்கள் ஒரு தடை நிகழ்த்துவர். திருவலகிடுதல் சரியைத் தொண்டு. உழவாரப் படை ஏந்திய திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கோயில் வீதிகளைச் செதுக்கித் தூய்மை செய்தார். அங்ஙனஞ் செய்யுங்கால் சிற்றுயிர் மடிதல் தவிராது. சிவனுக்குச் செய்யப்படுவது சிவபுண்ணியமாதலின் அது வினையாய்ப் பற்றாது. தந்தை தாளை எறிந்த சண்டேசுர நாயனார் வரலாறு இதற்குக் கரி என்பர். திருவலகிடுதலை விடுக என்று கூறுவார் இலர். பெருக்குதல் வேறு, எரித்தல் வேறு. பெருமான் சந்நிதியினின்று சருகை அகற்றுமளவே தொண்டு. அகற்றியதைத் தீயிடுதல் தொண்டின் உறுப்பன்று, தொண்டு முடிந்தபின் செய்யும் சோம்பற் செயல். சண்டேசுரர் செயல் பூசையிடை உற்ற இடையூற்றின்கண் அன்பின் முதிர்வால் தம்மை மறந்து நிகழ்ந்தது. திட்டமிட்டு மாலைதோறும் செய்யும் செயலுக்கு அதனை ஆணையாகக் காட்டுதல் அவ்வன்பை அறியாமையாம்.

சருகைக் குவித்துவைத்தால் தேளும் பாம்பும் அடையும், அடியார் நடக்கும் இடமாயிற்றே என்பது மற்றொரு தடை. இது நியாயமான அச்சம். நடைவழியிலும் சந்நிதியிலும் குவித்தல் கூடாதுதான். கூட்டிய சருகை நந்தவனத்தின் கோடியில், ஆள்புழங்காத மரத்தடியில் முழங்காலளவுக்குமேல் உயராமற் பரப்பி, கோடையில் கிழமைக்கு ஒருமுறை நீர் தெளித்தாற் போதும். அடியடுக்கில் ஈரம் நிற்கும்; உயிர்கள் அங்கே அடங்கும். ஆண்டு திரும்புமுன் அடிச்சருகு கருத்த மண்ணாகும். எருவாக அள்ளுங்கால் மேலடுக்கை ஒருபுறம் ஒதுக்கிவைத்து அடிமண்ணை எடுத்தபின் மேலடுக்கை மீண்டும் பரப்பிவிடலாம். கையால் அள்ளாது கோலாலோ மண்வெட்டியாலோ கிளறுவது தேளுக்கும் காப்பு, கைக்கும் காப்பு. நல்லம்பள்ளிப் பக்கத்துக் கோயில்களில் புளியஞ்சருகு பொடியிலையாதலின் காற்றிற் பறக்கும். அதன்மேல் மாவிலையையோ புங்கிலையையோ ஒரு சாண் பரப்பினால் நிலைக்கும். அம்மண்ணில் வைத்த அரளியும் நந்தியாவட்டையும் பெருமான் பூசைக்கு மலர் தரும்.